ஆறு புள்ளி வாத்தியார்



வீட்டு உண்டியலை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தால் 2009-ஆம் ஆண்டு வெளியான ஒரு இரண்டு ரூபாய் நாணயம் கிடைக்கும். ஒரு பக்கம் நம்ம அசோகச் சிங்கம். மறுபக்கம் ஒரு வெளிநாட்டுக்காரரின் முகம். அவர் ராஜா கிடையாது, மந்திரி கிடையாது, நம்ம நாட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பிரான்ஸ் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் பிறந்து 200 வருஷம் ஆனதற்காக நம்ம அரசாங்கம் அந்த நாணயத்தை வெளியிட்டது. பெயர் லூயி பிரெயில்.

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற எழுத்துக்கு பிரெயில் எழுத்து என்று பெயர். இது நமக்கெல்லாம் தெரியும். வினாடி வினாவில் ஒரு மார்க் கேள்வி! ஆனால் அதை உருவாக்கி முடித்தபோது லூயிக்கு வயசு 15 என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காக்களின் வயசு. செய்த இடமும் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை. அவன் படித்த பள்ளிக்கூடமும் அங்கே இருந்த விடுதியும்தான். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் எழுதியிருக்கிறேன்.

பட்டறையில் நடந்தது

பாரிஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூவ்ரே என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1809 ஜனவரி 4-ஆம் தேதி லூயி பிறந்தான். நாலு பிள்ளைகளில் அவன்தான் கடைக்குட்டி. அப்பா சிமோன் ரெனே குதிரைச் சேணம் தைக்கிறவர். வீட்டை ஒட்டியே பட்டறை. தோல், வார், சுத்தியல், குத்தூசி எல்லாம் அங்கே கிடக்கும்.

மூணு வயசில் ஒரு நாள் அப்பா மாதிரியே தோல் தைத்துப் பார்க்கலாம் என்று குழந்தை கூர்மையான கருவி ஒன்றை எடுத்தான். தோல் வழுக்கியது. கருவி கண்ணில் குத்திவிட்டது. அந்தக் காலத்தில் கிருமி என்றால் என்ன என்றே மருத்துவர்களுக்குத் தெரியாது. புண்ணில் சீழ் பிடித்து மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயசுக்குள் இரண்டு கண்ணும் முழுசாகப் போய்விட்டது.

200 வருஷத்துக்கு முன்னால் கண் தெரியாத ஏழைக் குழந்தையின் கதி என்ன? பெரும்பாலும் தெருவில் கையேந்துவதுதான். லூயியின் அப்பாவும் அம்மாவும் அப்படி விடவில்லை. அப்பா ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணி அடித்து எழுத்து வடிவங்களைச் செய்து, பிள்ளையின் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். ஊரில் இருந்த பாலுயி என்ற பாதிரியார் அவனைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பெஷ்ரே அவனை மற்ற பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வைத்தார்.

யோசித்துப் பாருங்க. பலகையில் எழுதுவது தெரியாது. புத்தகம் உதவாது. காதால் கேட்பதை மனசில் போட்டு வைப்பது ஒன்றுதான் வழி. அப்படியும் வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான் லூயி. ஆனால் மற்ற பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கும் நேரத்தில் அவன் கை சும்மா இருக்கும். கேட்டுக் கேட்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

கயிறு பிடித்து நடந்த பிள்ளைகள்

பாரிஸ் நகரத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. உலகத்திலேயே அந்த மாதிரி முதல் பள்ளி அதுதான் என்பார்கள். அதை 1780-களில் ஆரம்பித்தவர் வாலண்டின் ஹாய். 1771-இல் பாரிஸில் நடந்த ஒரு சந்தையில் பார்வையற்ற சிலருக்குக் கோமாளித் தொப்பியும் பெரிய மூக்குக் கண்ணாடியும் மாட்டி, வாத்தியம் வாசிக்க வைத்து, கூட்டம் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஹாய் மனம் நொந்துபோனார். இவர்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தே தீருவேன் என்று முடிவு கட்டினார்.

1819 பிப்ரவரியில் லூயி அந்தப் பள்ளியில் சேர்ந்தான். வயசு 10. அப்பா அம்மாவை விட்டு முதல் தடவையாகப் பிரிந்து விடுதி வாழ்க்கை.

அந்தக் கட்டடம் ரொம்பப் பழசு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அது சிறையாக இருந்ததாம். சுவரெல்லாம் ஈரம். பிள்ளைகள் அடிக்கடி நோயில் விழுந்தார்கள். அப்போதைய இயக்குநர் கியே மிகவும் கண்டிப்பானவர். வெளியே உலாவப் போகும்போது பிள்ளைகள் வரிசையாக ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாவரத் தோட்டம் வரை நடந்து வருவார்கள். இலக்கணம், கணக்கு, வரலாறு, இசை கற்றுக்கொடுத்தார்கள். பின்னல் வேலை, செருப்பு செய்வது போன்ற கைத்தொழிலும் உண்டு. லூயி எல்லாவற்றிலும் கெட்டி. பியானோவும் செல்லோவும் வாசித்தான். பரிசுகள் வாங்கினான்.

ஆனால் அவன் ஆசையாக வந்தது புத்தகத்துக்காக. அந்தப் புத்தகங்களோ இப்படி இருந்தன: ஈரமான தடித்த காகிதத்தில் பெரிய எழுத்து அச்சுக்களை அழுத்தி, எழுத்து மேடாகத் தெரியும்படி செய்திருப்பார்கள். ஹாய் கண்டுபிடித்த முறை அது. ஒவ்வொரு எழுத்தின் வளைவு நெளிவையும் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோகும்! புத்தகம் ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். பள்ளி முழுவதற்கும் கைவிட்டு எண்ணக்கூடிய சில புத்தகங்கள்தான். எல்லாவற்றையும் விட முக்கியமான குறை, அந்த எழுத்தை ஒரு பிள்ளையால் தன் கையால் எழுத முடியாது. வாசிக்கலாம், எழுத வழியில்லை. நோட்டுப் புத்தகம் கிடையாது. வீட்டுக்கு ஒரு கடிதம் கிடையாது.

ஹாயைக் குறை சொல்ல முடியாது. அவர் கண் தெரிந்தவர். கண்ணுக்கு எது எழுத்தோ அதுதான் விரலுக்கும் எழுத்து என்று நினைத்துவிட்டார். 1821-இல் புது இயக்குநராக வந்த பீனியே, முதியவரான ஹாயை அழைத்து மாணவர்களைக் கொண்டு இசை விழா நடத்திச் சிறப்பித்தார். 12 வயசு லூயியும் அன்றைக்கு அங்கே இருந்தான்.

பன்னிரண்டு புள்ளி

அதே 1821-இல் பள்ளியில் ஒரு புது முறையைப் பரிசோதித்தார்கள். சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி செய்த 'இரவு எழுத்து'. இருட்டிலும் தடவிப் படிக்கலாம்.

அதன் கணக்கு சுலபமானது. ஆறு வரிசை, ஆறு பத்தி என்று ஒரு கட்டம் போட்டு, 36 கட்டங்களில் பிரெஞ்சு மொழியின் 36 ஒலிகளை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு ஒலியைக் குறிக்க இரண்டு நெட்டுக் கோட்டில் புள்ளி குத்த வேண்டும். இடது பக்கம் எத்தனை புள்ளியோ அது வரிசை எண். வலது பக்கம் எத்தனை புள்ளியோ அது பத்தி எண். நம்ம பரீட்சை ஹாலில் மூணாவது வரிசை, நாலாவது பெஞ்ச் என்று இடம் தேடுகிற மாதிரி.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கோட்டை விடப் புள்ளியை விரல் சட்டென்று உணர்ந்துகொண்டது. அதோடு, ஒரு சட்டமும் ஓர் ஊசியும் இருந்தால் தாங்களே எழுதலாம்.

லூயி அந்த முறையைக் கற்றுத் தேறினான். தேறிய பிறகுதான் குறைகள் தெரிந்தன. ஒரு ஒலிக்கு 12 புள்ளி வரை போகும். அது விரல் நுனிக்குள் அடங்காது. மேலும் கீழும் தடவி எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒலியைத்தான் எழுதலாம், எழுத்துக்கூட்ட முடியாது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எண், இசைக்குறி எதற்கும் இடம் இல்லை. அவசரத்துக்குக் குறிப்பு எழுத அது போதும். ஆனால் கண் தெரிந்த பிள்ளை படிக்கிற அதே இலக்கணம், அதே கணக்கு, அதே புத்தகம் வேண்டும் என்கிற பிள்ளைக்குப் போதாது.

மூணு வருஷ உழைப்பு

12 வயசிலிருந்து 15 வயசு வரை லூயிக்கு இதே வேலை. பகலில் வகுப்பும் பட்டறையும். மற்ற நேரத்தில் காகிதம், சட்டம், ஊசி. விடுமுறைக்குக் கூவ்ரே போனாலும் இதே சிந்தனை. புள்ளி குத்துவான், தடவிப் பார்ப்பான், சரியில்லை என்றால் மாற்றுவான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவன் தனியாகச் செய்தான் என்று கதைகளில் படிக்கிறோம். ஆனால் அவனைச் சுற்றி ஒரு விடுதி முழுக்க அவனைப் போலவே வாசிக்கத் தவித்த பிள்ளைகள் இருந்தார்கள். தன் நண்பன் காப்ரியேல் கோத்தியேயின் விரலுக்கு ஒரு எழுத்து பிடிபடாவிட்டால் அந்த எழுத்து சரியில்லை என்று அர்த்தம். எந்தப் பெரிய மேதைக்கும் கிடைக்காத பரிசோதனைக்கூடம் அது. ஆராய்ச்சி செய்கிறவனும் அதைப் பயன்படுத்தப் போகிறவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்!

1824-இல் வேலை முடிந்தது. 12 புள்ளி 6 ஆனது. இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. விரல் நுனி ஒரு தடவை தொட்டால் மொத்த எழுத்தும் அடங்கிவிடும். கணக்கு சார் சொல்கிற மாதிரி பாருங்க: ஒவ்வொரு புள்ளியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆறு புள்ளிக்கு 2×2×2×2×2×2 = 64. எதுவுமே இல்லாத வெற்றிடத்தைக் கழித்தால் 63 வடிவங்கள். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசை எல்லாவற்றுக்கும் அது போதும்.

அதிலும் ஒரு ஒழுங்கு வைத்தான். முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நாலு புள்ளி மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு 3-ஆம் புள்ளி. அதற்கும் அடுத்த வரிசைக்கு 3-ம் 6-ம். ஆக, பத்தைப் படித்தால் மீதியும் பாதி வந்துவிடும். மனப்பாடச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மாணவனுக்குத்தானே தோன்றும்?

வாத்தியார் ஆன மாணவர்

1828-இல் அதே பள்ளியில் லூயி உதவி ஆசிரியர் ஆனார். 1833-இல் முழு ஆசிரியர். இலக்கணம், கணக்கு, இசை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். 1829-இல் தன் முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். பார்பியேயின் முறையிலிருந்துதான் தனக்கு முதல் யோசனை கிடைத்தது என்பதை அதில் நன்றியோடு குறிப்பிட்டார். அந்தப் புத்தகத்தில் சில வடிவங்களில் புள்ளியோடு சின்னக் கோடுகளும் இருந்தன. பழக்கத்தில் அது சரிப்படவில்லை. 1837-இல் வந்த அடுத்த பதிப்பில் கோடுகளை எடுத்துவிட்டுப் புள்ளி மட்டும் வைத்தார்.

இன்னொரு குறையும் அவர் மனசில் இருந்தது. பிள்ளைகள் பிரெயிலில் எழுதும் கடிதத்தை வீட்டில் இருக்கும் அம்மாவால் வாசிக்க முடியாதே! அதற்காக 1839-இல், பார்வை உள்ளவர்களுக்குப் பழக்கமான எழுத்துக்களையே புள்ளிகளால் வரைகிற ஒரு தனி முறையை உருவாக்கினார்.

தடை

இயக்குநர் பீனியே பிள்ளைகள் புள்ளி எழுத்தைப் பயன்படுத்த இடம் கொடுத்திருந்தார். 1840-இல் அவர் பதவி போனது. டூஃபோ என்பவர் வந்தார். பார்வையற்றவர்களுக்கு என்று தனி எழுத்து இருந்தால் அவர்கள் சமூகத்திலிருந்து பிரிந்துபோவார்கள், எல்லாரும் ஒரே எழுத்துதான் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேட்பதற்கு நியாயம் மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த நியாயத்தைச் சொன்னவருக்குக் கண் இருந்தது. வகுப்பில் புள்ளி எழுத்து கூடாது என்று ஆகிவிட்டது.

அப்போது லூயிக்குக் காசநோய். 26 வயசு வாக்கிலேயே தொடங்கிய இருமல் அது. அடிக்கடி ஓய்வுக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் சுபாவமும் அவருக்குக் கிடையாது. ஆக, புள்ளி எழுத்து அத்தோடு செத்துப்போயிருக்க வேண்டும்.

சாகவில்லை. காரணம் மாணவர்கள். ஒளித்துவைத்து எழுதினார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தடவை எழுத்துச் சுகம் கண்ட விரல் திரும்பச் சும்மா இருக்குமா? விடுதியில் தடையை மீறுவது நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை (ஆசிரியர்கள் மன்னிக்கவும்!). அவர்கள் மீறியது விளையாட்டுக்காக இல்லை, படிப்பதற்காக. அதுதான் வித்தியாசம்.

கடைசியில் துணை இயக்குநர் குவாதேக்கு இது புரிந்தது. பிள்ளைகள் எப்படி வேகமாக எழுதுகிறார்கள், எப்படிப் பிழையில்லாமல் வாசிக்கிறார்கள் என்று பார்த்து டூஃபோவின் மனசையும் மாற்றினார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழா நடந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில், சொல்லச் சொல்ல மாணவர்கள் புள்ளியில் எழுதி, வாசித்துக் காட்டினார்கள். லூயியின் பெயரைச் சொல்லி, இது இவர் செய்தது என்று சபையில் எடுத்துச் சொன்னார்கள். அப்போது அவருக்கு 35 வயசு. எழுத்தைச் செய்து முடித்து 20 வருஷம் ஆகியிருந்தது.

அப்புறம்

1852 ஜனவரி 6-ஆம் தேதி, 43-வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், லூயி பிரெயில் காலமானார். இரண்டு வருஷம் கழித்து 1854-இல்தான் அவர் எழுத்து பிரான்ஸில் அதிகாரப்பூர்வமானது. 1878-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு பிரெயிலையே ஏற்றுக்கொண்டது. நூறு வருஷம் கழித்து 1952-இல், பிரான்ஸின் பெரிய மனிதர்கள் உறங்கும் பாந்தியோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டுபோனார்கள். பாரிஸில் நடந்த அந்த நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு ஹெலன் கெல்லரும் வந்திருந்தார். ஆனால் புள்ளி குத்திய கைகளை மட்டும் கூவ்ரே ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. அவை இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கின்றன.

நம்ம தமிழுக்கும் இந்த ஆறு புள்ளிதான். முன்பு இந்தியாவில் மொழிக்கு ஒரு முறை, இடத்துக்கு ஒரு முறை என்று குழப்பம் இருந்தது. 1951-இல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 'பாரதி பிரெயில்' முடிவானது. தமிழ் 'க'வுக்கும் இந்தி 'க'வுக்கும் ஒரே புள்ளிகள்! வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிற புடைப்பு எண்ணும், லிஃப்ட் பொத்தானில் நாம் கவனிக்காமல் அழுத்துகிற சின்னச் சின்ன மேடுகளும் இதே எழுத்துதான். ஐ.நா. சபை அவர் பிறந்த ஜனவரி 4-ஐ உலக பிரெயில் தினமாக அறிவித்து, 2019 முதல் அது கொண்டாடப்படுகிறது. நமக்கு அது மார்கழி மாசம். வாசலெல்லாம் புள்ளி வைத்திருக்கும் நேரம்!

லூயியின் கதையில் எனக்குப் பிடித்த இடம் அவருடைய அறிவு இல்லை. ஊர் வாத்தியார் அவனுக்கு பெஞ்சில் ஓர் இடம் கொடுத்தார், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பாரிஸ் இல்லை. பாரிஸ் இல்லாவிட்டால் நண்பர்கள் இல்லை. நண்பர்கள் இல்லாவிட்டால் தடைக் காலத்தில் அந்த எழுத்தைக் காப்பாற்ற ஆள் இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்ததை மட்டும் அவன் பள்ளியில் கற்கவில்லை. பாடப் புத்தகத்தில் என்ன குறை என்பதையும் அங்கேதான் கற்றான்.

நம்ம வகுப்பிலும் பலகை சரியாகத் தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கலாம். காது மந்தமாக இருப்பவர்கள் இருக்கலாம். கேலிக்குப் பயந்து வெளியே சொல்லாமல் இருப்பார்கள். முன் பெஞ்சில் அவர்களுக்கு ஓர் இடம் விட்டுக் கொடுப்போம். அதற்குப் பணம் வேண்டாம், ஆர்டர் வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஒரு பழைய அழைப்பிதழ் அட்டை, ஒரு தடித்த ஊசி, அடியில் வைக்க மடித்த துணி எடுத்துக்கொள்ளுங்கள். (சின்ன வகுப்புத் தம்பி தங்கைகள் பெரியவர்களை வைத்துக்கொண்டு செய்யவும்.)

அ – 1
க – 1, 3
ப – 1, 2, 3, 4
ம – 1, 3, 4
ர – 1, 2, 3, 5
ல – 1, 2, 3

குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். புள்ளி இடமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறும். அட்டையைத் திருப்பினால் மேடு மேலே வந்து, இடமிருந்து வலமாக வாசிக்கலாம். 'மரம்', 'பகல்' என்று எழுத ஆசையாக இருக்கும். மெய்யெழுத்துக்கு முன்னால் 4-ஆம் புள்ளியைத் தனியாக ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். அதுதான் நம்ம மேல்புள்ளி!

எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். முதல் நாள் ஒன்றும் புரியாது. கண்ணைத் திறந்துவிடாதீர்கள்.